எத்திராஜு இறங்காத வண்டி

கரூரில் பஸ் கட்டுகிறார்கள் என்பது ஊரறிந்த சங்கதி. எஞ்சினும் சக்கரங்களும் நீளமான இரண்டு இரும்புச் சட்டங்களும் மட்டும் வடக்கே ஆலையிலிருந்து வரும். தரை, தூண், கூரை, கண்ணாடி, சீட்டு, பெயிண்ட் எல்லாம் இங்கே பட்டறையில் ஏறும். அந்த மொட்டைச் சேஸிஸை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களை நீங்களும் நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள், பார்த்த வேகத்தில் மறந்தும் இருப்பீர்கள். முன்னால் கண்ணாடி கிடையாது, தலைக்கு மேலே கூரை கிடையாது, முதுகைச் சாய்க்க ஒன்றும் கிடையாது; ஒரு பலகை, பலகைமேல் மடித்துப் போட்ட சாக்கு, சாக்கின்மேல் தலையைத் துண்டால் சுற்றிக் கண்ணை மட்டும் வெளியே விட்ட ஒரு மனிதன், அவ்வளவுதான். எண்ணூர்க்காரன் எத்திராஜு பத்தொன்பது வருஷமாக இப்படி வெயிலையும் மழையையும் மூஞ்சியில் வாங்கிக்கொண்டு வந்து, வண்டியை ஒப்படைத்து, கையெழுத்து வாங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போனவன். புரட்டாசி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, சென்னியப்பன் பட்டறைக்குள் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கையெழுத்தும் வாங்கி, பையையும் தோளில் மாட்டிக்கொண்ட பிறகு அவனால் இறங்க முடியவில்லை.

முதலில் கால் மரத்துப்போயிருக்கும் என்றார்கள். டீ கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு வெல்டிங் ஆட்கள் நாலு பேர் ஆளுக்கு ஒரு கையையும் காலையும் பிடித்துத் தூக்க, எத்திராஜுவோடு சேர்ந்து சேஸிஸின் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு ஒரு சாண் மேலே எழும்பியது. ஜாக்கி போட்டுத் தூக்க வேண்டிய எடை அது. பயந்துபோய் மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்கள். டாக்டர் வந்து ரத்த அழுத்தம் பார்த்து நார்மல் என்றார். மெக்கானிக் வந்து ஆயில் பார்த்து அதுவும் நார்மல் என்றான். ஆலைக்குப் போன் போட்டதற்கு, டெலிவரி ஆகிவிட்ட வண்டிக்குத் தாங்கள் பொறுப்பில்லை, டிரைவரை மட்டும் திருப்பி அனுப்புங்கள் என்று பதில் வந்தது. அனுப்ப முடிந்தால் அனுப்ப மாட்டார்களா?

அவன் பெண்டாட்டி தேசம்மா மறுநாள் காலையில் வந்து சேர்ந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை அவளுக்கு. பன்னிரண்டாவது படிக்கிற மகள் லாவண்யாவைத் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு சேலையும் ஒரு தூக்கு வாளி நிறைய மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தாள். புருஷன் குடித்துவிட்டு அடம் பிடிக்கிறான், நாலு வார்த்தை கேட்டால் இறங்கிவிடுவான் என்ற நினைப்போடுதான் வந்தாள்.

"இன்னாயா இது கூத்து?"

"எறங்க முடியல தேசம்மா."

"முடியலன்னா இன்னா அர்த்தம்? எழுந்திரு. ஒம்போது மணிக்குத் திருச்சி வண்டி இருக்குதாம், போலாம்."

"நீ வேணா தூக்கிப் பாரு."

அவள் தூக்கவில்லை. அவன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து, ஒரு முனையை அவனுக்கும் சாக்குக்கும் நடுவே இந்தப் பக்கம் நுழைத்து, அந்தப் பக்கம் வழியாக இழுத்தாள். துண்டு முழுசாக, ஒரு நூல் சிக்காமல், சர்ரென்று வந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி உயிர் திரும்பியது. ஒட்டாத ஒன்று எப்படி வராமல் போகும் என்று அங்கே நின்றவர்களைப் பார்த்துக் கேட்டாள். புருஷனோடுதான் ஊர் திரும்புவது என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டி, தூக்கு வாளியைத் திறந்து அவனுக்குச் சோறு போட்டாள்.

பட்டறை முதலாளி சென்னியப்பன் கெட்ட மனுஷர் அல்ல. ஆனால் அந்தச் சேஸிஸை வாங்கியவர் பழனி ரூட்டுக்காரர். தைப்பூசத்துக்கு முன்னால் பஸ் ஓட வேண்டும் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார். "அம்மிணி, கோவிச்சுக்காதீங்க. வேலைய நிறுத்துனா நாப்பது குடும்பம் சும்மா உக்காரோணும். அவருக்கு ஒரு கீறல் விழாம நாங்க வேலை செய்யறோம். அவரு எப்ப எறங்குனாலும் சரி, சந்தோசமா வழியனுப்பி வைக்கறோம்," என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. சாமான் அறையில் தேசம்மாவுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், ஸ்டவ் கொடுத்தார்கள், வேலை தொடங்கியது.

சேஸிஸில் வெல்டிங் வைப்பதற்கு முன்னால் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எஞ்சினுக்கு உத்தரவு போடுகிற மின்பெட்டி கருகிப்போகும். பட்டறையில் சேருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இது. தலைமை வெல்டர் இதாயத்து பாய் முப்பது வருஷப் பழக்கத்தில், யோசிக்காமல் ஒயரைக் கழற்றினார். "லாவண்யாகிட்ட சொல்லு, அந்தப் பச்சைப் பையில" என்று சொல்லிக்கொண்டிருந்த எத்திராஜு வாய் திறந்தபடி, கண் திறந்தபடி, அப்படியே நின்றுபோனான். தேசம்மா போட்ட கூச்சலில் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் ஓடி வந்தார்கள். பாய் ஒயரைத் திரும்ப மாட்டியதும், "தான் சர்டிபிகேட் எல்லாம் இருக்குது, பரீட்சைக்குப் பணம் கட்டறப்போ எடுக்கணும்," என்று அவன் மீதியைச் சொல்லி முடித்தான். என்ன கூட்டம் என்றும் கேட்டான்.

எந்த அதிசயமும் நாலு நாள் பழகினால் வேலை நேரத்துக்குள் அடங்கிவிடும் போலிருக்கிறது, இதுவும் அடங்கியது. காலை ஒன்பதுக்குப் பாய், "தங்கச்சி, கழட்டப்போறேன், பேசறத முடிச்சுக்கம்மா," என்று குரல் கொடுப்பார். ஒரு மணிச் சாப்பாட்டுக்கு ஓடி வந்து மாட்டுவார். அந்த ஒரு மணி நேரம் பட்டறையில் யாரும் கிரைண்டர் போடக் கூடாது, புருஷனும் பெண்டாட்டியும் பேசட்டும் என்று தானாகவே ஒரு சட்டம் வந்தது. சில நாள் அவள் முடிக்கச் சொல்லியும் அவன் முடிக்க மாட்டான், பாதி வாக்கியம் தொங்கும், மீதி என்னவாக இருக்கும் என்று மத்தியானம் வரைக்கும் அவள் மண்டையைக் குடைந்துகொண்டே வெங்காயம் உரிப்பாள். பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கோ பொறாமை. தங்கள் பட்டறைக்கு இப்படி ஒன்று வாய்க்கவில்லையே என்று டீக்கடையில் வெளிப்படையாகவே புலம்பினார்கள். புதுசாக ஸ்கூட்டர் வாங்கியவர்கள் அதை எத்திராஜு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, சும்மா ஒரு தரம் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவனும் பார்த்து, டயரில் காற்று குறைவு என்று சொல்லி அனுப்புவான்.

அளவெடுக்க வந்த ஆர்.டி.ஓ. அதிகாரி ஸ்டியரிங்கிலிருந்து டிரைவர் வயிறு வரை டேப் பிடித்துப் பார்த்தார். டிரைவர் எழுந்து போகக்கூடியவராக இருக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை என்று சொல்லிக் குறித்துக்கொண்டார். வண்டியை வாங்கிய பழனிக்காரர் வந்து எத்திராஜுவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "தூங்குவாருங்களா?" என்று மட்டும் கேட்டார். "எஞ்சின் நின்னாத்தான் தூங்குவாருங்," என்றார் சென்னியப்பன். பழனிக்காரருக்குத் திருப்தி.

தேசம்மா மட்டும் திருப்திப்படவில்லை. தினமும் விடிகாலையில், யாரும் வருவதற்கு முன்னால், அவள் துண்டை நுழைத்துப் பார்ப்பாள். தரைச் சட்டம் வைத்த அன்றைக்குத் துண்டு நுழையவில்லை. வேட்டிக் கரையைக் கிழித்து நுழைத்தாள், போயிற்று. பக்கவாட்டுத் தூண்கள் நின்ற வாரம் வேட்டியும் போகவில்லை. காலண்டர் தாள் போயிற்று. கூரை வளைவுகள் ஏறிய பிறகு தாளும் மடங்கியது. தையல் நூல் மட்டும், அதுவும் எச்சில் தொட்டு முறுக்கினால், போயிற்று. நாள் ஆக ஆக அவன் சோறும் குறைந்தது. ஒருநாள் மத்தி மீன் வாங்கி, கரூரில் அதைத் தேடி வாங்குவதே பெரும்பாடு, வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். அவன் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"காலைல டீசல் ஊத்துனாங்க தேசம்மா. வயிறு கம்முனு இருக்குது."

"டீசல் ஊத்துனா வயிறு நெறையுதா உனக்கு? அப்ப நான் எதுக்குயா இங்க அடுப்பு ஊதிக்கினு கெடக்குறேன்?"

அவளுக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது. யாரோ ஒருத்தி புருஷனை வளைத்துப் போட்டிருந்தால் தெருவில் நின்று தலைமுடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள். இரும்பை என்ன செய்வாள்? அன்றைக்கே சென்னியப்பன் முன்னால் போய் நின்றாள்.

"ஐயா, நீங்க கட்டக் கட்ட அவரு உள்ள போறாரு. முதல் நாள் துண்டு போச்சு, இப்ப நூலுதான் போவுது. கூரைத் தகடு ஏத்திட்டீங்கன்னா அதுவும் போவாது. ஒரு பத்து நாள் நிறுத்துங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

சென்னியப்பனுக்கும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். பழனிக்காரருக்குத் தகடு வரத் தாமதம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, பத்து நாளைக்கு அந்த வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆனால் அடுத்த சேஸிஸ் வாசலில் நின்றது, அதற்கு இடம் வேண்டும். அதனால் கூரை இல்லாத அந்த எலும்புக்கூட்டை எத்திராஜுவோடு வெளியே தள்ளி, மதிலோரம் நிறுத்தி, மேலே தார்ப்பாய் கட்டினார்கள்.

மூன்றாம் நாள் நூல் எச்சில் தொடாமலே போயிற்று. நாலாம் நாள் காலண்டர் தாள் போயிற்று. தேசம்மா தங்கச்சிக்குப் போன் போட்டு, அடுத்த வாரம் மாமாவோடு வருகிறேன் என்று சத்தமாகச் சொன்னாள். அவனுக்கும் பசி திரும்பியது, ரசம் கேட்டு வாங்கிக் குடித்தான், கால் விரலை ஆட்டிக் காண்பித்தான். அன்றைக்குச் சாயங்காலம் ஐப்பசி மழை பிடித்தது.

பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்து, யாரும் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்காத ஒன்று அதில் இருந்தது. வெல்டிங் முடிந்த பச்சை இரும்பை, துருவைத் தடுக்கிற ரெட் ஆக்ஸைடு பூசாமல் வெளியே நிறுத்தக் கூடாது. கை வைக்காதே என்று முதலாளி சொன்னதை அவர்கள் அத்தனை ஒழுங்காகக் கடைப்பிடித்ததில், பூசவும் இல்லை. தார்ப்பாய் மழையைத் தடுத்தது, ஈரக் காற்றை எது தடுக்கும்? ஐந்தாம் நாள் தூண்களில் மஞ்சளாகப் புள்ளி வைத்தது. ஆறாம் நாள் எத்திராஜு இருமினான், அவள் நீட்டிய துணியில் துருத் தண்ணீர் விழுந்தது. ஏழாம் நாள் முழங்கை மடங்கவில்லை, மடக்கினால் கிறீச்சென்றது. கண்ணோரம் பழுப்பாகச் செதில் கட்டியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் ஏதோ உரசியது. டாக்டர் வந்து மருந்து எழுதாமல் போனார். இதாயத்து பாய் வந்து, தூண் ஒன்றில் நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றார்.

"பூசுனா சரியாயிடுமா அண்ணே?"

"பூசுனா துரு நிக்கும் தங்கச்சி. ஆனா பூசறதுன்னா வேலை திரும்பத் தொடங்குனாப்லதான். தகடும் ஏத்தியாகோணும். வெறும் பூச்சு இந்த மழைக்கு நாலு நாள் தாங்காது."

எட்டாம் நாள் காலையில் அவள் துண்டை எடுத்து நுழைத்தாள். துண்டின் முனை, முனை மட்டும், ஒரு விரல் அளவு உள்ளே போயிற்று. இன்னும் நாலு நாள். நாலே நாள் இருந்தால் முழுத் துண்டும் போய்விடும், மனுஷன் எழுந்துவிடுவான். ஆனால் அந்த நாலு நாளுக்கு மனுஷன் இருப்பானா என்று பக்கத்தில் உட்கார்ந்து அவன் மூச்சைக் கேட்டாள்.

"தேசம்மா," என்றான் அவன். தாடை உரசி உரசி வார்த்தை வந்தது. "நான் ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு."

"பத்தொம்போது வருஷம். எத்தினி வண்டி கொண்டாந்து வுட்டிருப்பேன். ஒண்ணுத்துக்காச்சும் கூரை போட்டு நான் பார்த்ததில்ல. எவனோ ஓட்டிக்கினு போவான். திரும்பி வர்றப்போ அதே மாதிரி பஸ்ஸுலதான் நான் நின்னுக்கினு வருவேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "குளுருது. கூரையப் போடச் சொல்லேன்."

"போட்டா நீ வூட்டுக்கு வர முடியாதுயா."

"தெரியும்."

அவள் திட்டவில்லை. வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு மதிலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு ஆட்கள் வர ஆரம்பித்ததும் எழுந்துபோய், இதாயத்து பாய் கையில் பிரஷ்ஷைக் கொடுத்து, "பூசுங்கண்ணே," என்றாள். அவர் தயங்குவதைப் பார்த்து அவளே பிரஷ்ஷைத் திரும்ப வாங்கி, சிவப்பு டப்பாவில் தோய்த்து, எத்திராஜு பக்கத்திலிருந்த முதல் தூணில் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விட்டான், அந்த மூச்சில் உரசல் இல்லை. பட்டறையில் அத்தனை ஆம்பிளைகளும் நின்று பார்த்தார்கள், சென்னியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் வேலையைப் பார்க்கச் சொல்லிச் சத்தம் போட்டார்.

அப்புறம் கடகடவென்று எல்லாம் நடந்தது. தகடு ஏறியது, தரைப் பலகை இறங்கியது, கண்ணாடி மாட்டினார்கள், சீட்டுகள் வரிசை வரிசையாக நின்றன. சீட்டுக்கு உறை தைக்கிற இடத்தில் ஒரு ஆள் குறைய, தேசம்மா போய் உட்கார்ந்து நீல ரெக்ஸினில் இருபத்திரண்டு உறை தைத்தாள். சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றாள். துண்டை நுழைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள். வண்டிக்குப் பழனிக்காரர் தன் பேத்தி பெயரை வைத்தார், மஞ்சளும் ரோஸுமாக எழுதினார்கள். எத்திராஜு நாளுக்கு நாள் பொலிவாகிக்கொண்டே போனான். வைப்பர் அசைந்தால் சிரித்தான். கண்ணாடி மாட்டிய அன்று, மூஞ்சியில் காற்றே அடிக்காமல் உட்கார்ந்திருப்பது இப்படித்தான் இருக்குமா என்று அவளிடம் ரகசியமாகக் கேட்டான். அவனை அத்தனை சந்தோஷமாக அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

மார்கழி பிறந்து பத்தாம் நாள் வண்டி பட்டறையைவிட்டுக் கிளம்பியது. பூசணிக்காய் உடைத்தார்கள், எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். பஸ் ஸ்டாண்டில் முதல் நடைக்கே கூட்டம் நெருக்கியது; எறங்காத டிரைவர் வண்டி என்று ஊரே பார்க்க வந்திருந்தது. தேசம்மா தன் இரண்டு சேலையும் வைத்த பையோடு டிரைவருக்குப் பின்னாலிருந்த ஒற்றை சீட்டில் உட்கார்ந்தாள். உள்ளே பார்க்கிற கண்ணாடியில் அவன் அவளைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள். லாவண்யாவுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது, சத்துணவுக் கூடத்தில் இனி லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவனுக்கும் இது தெரியும்.

"எங்கம்மா போகோணும்?" என்று கண்டக்டர் வந்து நின்றான். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவன், அவளை யாரென்று தெரியாது.

அந்த ரூட்டில் ஒரு ஊர் பெயரும் அவளுக்குத் தெரியாது. "அடுத்து எங்க நிக்குதோ அங்க," என்றாள்.

அடுத்து நின்ற இடம் ஒரு சாயப்பட்டறை மதிலோரம். அவள் எழுந்து, அவன் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள். சட்டைக்கு உள்ளே எஞ்சின் அதிர்வது போல மெலிசாக அதிர்ந்தது.

"பாத்து ஓட்டுயா. முன்ன மாதிரி இல்ல, ஜனங்க ஒக்காந்திருக்காங்க."

"சரி. நீ போயிட்டுப் போன் போடு," என்றான் அவன், பழக்க தோஷத்தில்.

அவள் இறங்கினாள். கதவு மூடியது. கண்டக்டர் இரண்டு விசில் கொடுத்தான். வண்டி நகரவில்லை. திரும்பவும் கொடுத்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கியர் விழவில்லை. ரோட்டோரத்தில் நின்ற அவளையே பக்கவாட்டுக் கண்ணாடி வழியாக அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே ஆட்கள் சத்தம் போடத் தொடங்கினார்கள், ஒருத்தருக்குக் கோர்ட்டுக்கு நேரமாகிறதாம், ஒரு பொம்பளைக்குப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமாம். பின்னால் நாலு லாரி நின்று ஹாரன் அடித்தது. கண்டக்டர் கதவைத் திறந்து பாவமாக எட்டிப் பார்த்தான்.

"இன்னொரு தடவ அடி தம்பி," என்றாள் தேசம்மா. "நான் திரும்பிக்கிறேன்."

அவள் முதுகைக் காட்டிச் சாயப்பட்டறை மதிலைப் பார்த்து நின்றுகொண்டாள். விசில் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முதல் கியர் விழுந்தது, வண்டி முனகிக்கொண்டு நகர்ந்தது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவது, கொஞ்சம் தூரத்தில். அவளுக்கு இத்தனை வருஷமாக டிரைவர் பெண்டாட்டியாக இருந்து காது பழகியிருந்தது. நாலாவது கியர் விழுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் அவள் திரும்பவில்லை.